தண்ணி ஆறுறதுக்குள்ள

போர்வைய இழுத்து நாலு பக்கமும் காலுக்கு அடியில செருகிக்கிட்டாத்தான் இந்த வீட்ல எனக்குன்னு ஒரு ரூம்பு. கதவு கிடையாது, தாப்பா கிடையாது, ஆனா ஒருத்தரும் உள்ள வரமாட்டாக. இப்பத்தான் அடுப்புலருந்து இறக்குன தண்ணி, குண்டான் விளிம்பத் தொட்டா தோலு உரிஞ்சுரும், நொச்சித்தழ, மஞ்சத்தூளு, ஒரு கை கல்லுப்பு, அதுக்கு மேல மூஞ்சியக் கவுத்துக்கிட்டு உக்காந்துருக்கேன். மூக்கு எரியுது. எரியட்டும். எனக்குச் சளியும் இல்ல, காச்சலும் இல்ல, இருமலும் இல்ல. இரு, செத்த நேரமா சத்தமே குடுக்கல, சந்தேகம் வந்துரும், ஒரு தடவ இருமிக்கிறேன். தொண்டையச் செருமி, லொக்கு லொக்கு, கொஞ்சம் விட்டு இன்னொரு லொக்கு. அந்தா, பிளாஸ்டிக் சேரு பின்னாடி நகருது பாரு. சன்னலோரமாப் போயிருப்பான். பயந்தாங்கொள்ளிப் பய. அழகுராசா, எம்புருசன், டூரிஸ்ட் வேன் டிரைவரு, கொடைக்கானல் மலையில பனிக்குள்ள ஒத்தக் கையில வண்டி ஓட்டுனேன்னு ஊரெல்லாம் பீத்துறவன், பொண்டாட்டி இருமுனா சேரத் தூக்கிட்டு ஓடுறான். போர்வைக்கு வெளிய அவன் எனக்கு என்னங்க, வாங்க, சாப்பிடுறீங்களா. உள்ள அவன் அவன்தான். நாசமாப் போறவன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல, செவத்துல பிளக்கு இருக்கிற எடத்துல, எம்மக தர்ஷினி சம்மணம் போட்டு உக்காந்து போனுல பாடம் கேக்குறா. நாலாப்பு. வீட்ல இருக்கிறது ஒரே போனு, அவனோடது, கிளாசு முடியிற வரைக்கும் அவ கையில. எல்லாரும் மியூட்ல போடுங்கன்னு டீச்சரு கத்துறது இங்க வரைக்கும் கேக்குது. அந்தப் போனுக்குத்தான் இன்னைக்கு மெசேஜு வரணும், எனக்குக் கொரோனா இருக்கா இல்லையான்னு. முந்தாநாளு முகாம்ல மூக்குல குச்சிய விட்டு எடுத்தாக. ஊரே இல்லன்னு வரணும்னு சாமி கும்புடுது. நான் இருக்குன்னு வரணும்னு கும்புடுறேன். இல்லன்னு வந்தா அவன் சேர விட்டு எந்திரிச்சு வருவான்.

அவன் வாயாலயே சொல்லிட்டான். போயி டெஸ்ட்ட எடுத்துட்டு வா, இல்லன்னு மட்டும் வரட்டும், இத்தன நாளு நடிச்சதுக்கெல்லாம் சேத்து வச்சுத் தாரேன்னு. அவன் தாரேன்னு சொன்னா தருவான், அதுல மட்டும் சொன்ன சொல்லு தப்பாது. ஊரடங்குன்னு சொன்னதுலருந்து வேனு கீழ நிக்குது, டயருல காத்து எறங்கி, கண்ணாடி பூரா காக்கா பீயி. முன்னாடியெல்லாம் ட்ரிப்பு போனா வாரம் பத்து நாளு வரமாட்டான். வந்தா ஒரு அறை, ரெண்டு அறை, பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா மறுநாளு வண்டி கெளம்பிரும். இப்ப வண்டியும் கெளம்பல, அவனும் கெளம்பல. காலையில டீ ஆறிப்போச்சுன்னு அடி, மத்தியானம் கொழம்புல உப்புன்னு அடி, சாயங்காலம் சும்மா. சார்ஜர் ஒயர ரெண்டா மடிச்சு முதுகுல போட்டான் ஒரு நாளு, ரவிக்கையப் பிச்சு எடுத்தப்ப தோலும் சேந்து வந்துச்சு. முடியப் புடிச்சுக் கிரைண்டர்ல மோதுனானே, அன்னைக்குக் காதுக்குள்ள ஒரு மணி அடிக்க ஆரம்பிச்சது, இன்னும் நிக்கல, இந்தா இப்பவும் அடிக்குது, ணொய்யின்னு. அடிவயித்துல மிதிச்சது அதுக்கு அடுத்த வாரம். எதுக்குன்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், காரணம் ஞாபகமே வரமாட்டேங்குது, மிதி மட்டும் இருக்கு. அப்புறம் அந்த ரசம். புளியக் கரைச்சு வச்சுட்டுத் தாளிச்சுக்கிட்டு இருக்கேன், மிளகா வத்தல் கருகிப் போச்சு, பின்னாடியே வந்து கைய ஓங்குறான், அடிக்காதீங்கன்னு சொல்லத் திரும்பி வாயத் தொறந்தா நெடி ஏறி இருமல் வந்துருச்சு, நேரா அவன் மூஞ்சியில. ஓங்குன கை அந்தரத்துலயே நின்னுச்சு. மூஞ்சி வெளுத்துப் போச்சு அவனுக்கு. பாத்ரூமுக்குள்ள ஓடிப் போயி சோப்பப் போட்டுத் தேய்க்கிறான் தேய்க்கிறான், குழாயத் தொறந்து விட்டு, காறிக் காறித் துப்பி. நான் கரண்டியப் புடிச்சுக்கிட்டு அடுப்படியிலயே நிக்கிறேன். தர்ஷினி வாசப்படிகிட்ட நின்னு என்னையப் பாக்குறா, பாத்ரூமப் பாக்குறா. அன்னைக்குப் பூரா அவன் என் பக்கமே வரல. மறுநாளு காலையில அவன் பாயில பொரளுற சத்தம் கேட்டதும் நானே இருமுனேன், மிளகா இல்லாம.

அதுலருந்து இருமல்தான் சோறு போடுது. ஒரு நாளைக்கு எத்தன தடவ ஆவி பிடிக்கிறேன்னு எனக்கே தெரியாது, மூஞ்சியெல்லாம் வெந்து, உதடு வெடிச்சு. வீட்டுக்கு வீடு காச்சல் பாக்க வர்ற பிள்ளைகிட்ட அவன்தான் சொல்லிவிட்டான், எம் பொண்டாட்டிக்கு இருமல் நிக்க மாட்டேங்குதுன்னு. பள்ளிக்கூடத்துல முகாம் போட்டுருந்தாக. வெள்ளப் பிளாஸ்டிக் உடுப்புக்குள்ள ஒரு டாக்டரம்மா, கண்ணு மட்டுந்தான் தெரியுது, அதுக்கு வேற வேர்த்து வடியுது. பேரு என்னம்மான்னு கேட்டாக, நாகஜோதின்னேன். என்னம்மா பண்ணுதுன்னாக. இருமலுங்கன்னேன். வேற? வேற ஒண்ணும் இல்லங்க. நல்லா யோசிச்சுச் சொல்லும்மா, வேற ஒண்ணுமே பண்ணலயா? இல்லங்க. எப்பேர்ப்பட்ட கூத்து பாரு, என் ஒடம்புல இருக்கிறதுலயே பொய்யி அந்த இருமல் ஒண்ணுதான், அத மட்டும் சொல்லிட்டு வந்துருக்கேன். மாசமாசம் வர்றது நின்னு போச்சுன்னு சொல்லல. வயித்துல ஒண்ணும் இல்ல, அது எனக்கே தெரியும், அந்த மிதிக்கு அப்புறம் ஒடம்பு கணக்கையே மறந்துருச்சு. தலையில கை வச்சா கொத்துக் கொத்தா வருது, கூட்டிப் பெருக்குனா அவன் கண்ணுல பட்டுரும்னு சன்னல் வழியா காத்துல விடுறேன். எடது கையில சுண்டுவிரலும் அதுக்கு அடுத்ததும் மரத்துப் போயிக் கெடக்கு, சூடு தெரியமாட்டேங்குது. தூக்கத்துல பல்லக் கடிச்சுக் கடிச்சுத் தாடை ஒட்டிப் போச்சு, காலையில வெரல விட்டுத்தான் வாயத் தொறக்கணும். தூக்கம்னு எங்க தூங்குனேன். தாப்பா சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காந்துக்கிறேன், பக்கத்து வீட்டுத் தாப்பாவா இருந்தாலும். பாலு வாங்கிட்டு ஏறி வந்து, எத்தனாவது மாடின்னு தெரியாம படிக்கட்டுலயே நின்னேன், அழுகக்கூட வரல. இதெல்லாத்தையும் அந்தக் கண்ணுகிட்ட சொல்லியிருக்கலாம். முழங்கையில என்னம்மா காயம்னு கேட்டாகளே, அப்பவாச்சும் வாயத் தொறந்திருக்கலாம். கொடிக்கம்பி கிழிச்சுருச்சுங்கன்னேன். பின்னாடி வரிசையில முகக்கவசத்த இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு அவன் நிக்கிறான்ல.

கையப் பத்தியும் சொல்லல. அத யாருகிட்டச் சொல்றது. ஒடம்புல மத்ததெல்லாம் செத்துக்கிட்டு வருது, இந்த வலது கை மட்டும் தனியா முழிச்சுக்கிட்டு இருக்கு. தேங்கா ஒடச்ச பொறகும் அருவாள கீழ வைக்க மாட்டேங்குது. அவன் மல்லாக்கப் படுத்து வாயப் பொளந்துக்கிட்டு கொறட்ட விடுறப்ப, தொண்டையில அந்தக் குமிழு ஏறி எறங்கும், கை அதையே பாக்கும். கண்ணு பாக்கல, கைதான் பாக்குது. பயந்துபோயி அருவாளையும் அருவாமனையையும் பழைய சேலையில சுத்தி பரண்மேல போட்டுட்டேன், காயெல்லாம் பிளேடு கத்தியில நறுக்குறேன். நேத்து தர்ஷினிக்குத் தல சீவிவிட்டேன், சிக்கு, சும்மா ஒரு சிக்கு, இந்தக் கை அத வெடுக்குன்னு இழுத்துருச்சு பாரு, பிள்ள தல பின்னாடி வந்துருச்சு. அவ ஆன்னு ஒரு சத்தம் போட்டுருந்தா மனசு ஆறியிருக்கும். சத்தமே போடல. கண்ண இறுக்க மூடிக்கிட்டு அடுத்ததுக்குக் காத்துக்கிட்டு இருந்தா. நான் அவன்கிட்ட உக்காந்திருக்கிற மாதிரியே. அப்படியே சீப்பத் தூக்கி எறிஞ்சுட்டு அடுப்படிக்குள்ள போயி கைய அடுப்புல காட்டலாமான்னு நின்னேன். நல்லவேள, கேஸு தீந்து போயி சிலிண்டர் மாத்த வேண்டியிருந்துச்சு.

ஆவி கொறையிது. மொதல்ல இருந்த எரிச்சல் இல்ல. நான் கடைக்குப் போனா எல்லாம் சரியாப் போயிரும்னுதான் தோணுது, ஆனா கடையத் தொறந்தாத்தானே. மாசி வீதியில சேலைக்கடை, பட்டு செக்சன்ல நான்தான் பழைய ஆளு. காலையில ஏறி நின்னா கடை சாத்துற வரைக்கும் உக்காரக் கூடாது, கெண்டக்கால்ல நரம்பு நீலமாப் பொடச்சுக்கிட்டு வலிக்கும், அப்பல்லாம் மொதலாளியத் திட்டித் தீப்பேன். இப்ப அந்த வலியே தேவலாம்னு இருக்கு. அங்க ஒருத்தன் என் மேல கை வைக்க முடியுமா. சூப்பர்வைசரு கத்துவான், கை வைக்க மாட்டான். வாங்க மேடம், என்ன கலர்ல பாக்குறீங்க, இந்தாங்க மாம்பழக் கலரு, நேத்துத்தான் வந்துச்சு. மடிப்போட எடுத்து மணிக்கட்டுல ஒரு சுண்டு சுண்டுனா அஞ்சரை மீட்டரும் காத்துல விரிஞ்சு போயி கஸ்டமரு மடியில விழணும், மடியத் தாண்டக் கூடாது, முன்னாடியும் நிக்கக் கூடாது. புதுப் பிள்ளைகளுக்கு நான்தான் அந்த வீச்சக் கத்துக் குடுப்பேன். இடுப்புலருந்து வரணும்டி, தோள்லருந்து வந்தா கோணிக்கிட்டுப் போகும். இந்தக் குண்டானும் அப்படித்தான். ரெண்டு பக்கமும் கரித்துணியக் குடுத்துப் புடிக்கணும், எந்திரிக்கும்போதே போர்வ பின்னாடி விழுந்துரும், இடுப்புலருந்து ஒரு வீச்சு. அவன் சேரு எவ்வளவு தூரம் இருக்கும், சன்னலுக்கு நகந்தாலும் கஸ்டமரு தூரந்தான். நேரா மூஞ்சியில போயி விழும். கண்ண மூட நேரம் இருக்காது. சுடுதண்ணியில போட்ட தக்காளி மாதிரி தோலு சுருண்டு வரும், அதப் புடிச்சு அவனே இழுப்பான், அந்த மீச, அந்தப் பல்லு, ஒயர மடிச்ச அந்தக் கை, எல்லாம் வேகட்டும். கத்துவான்ல. இந்தக் காலனியே கேக்கட்டும், நான் கத்துறப்பல்லாம் டீவிச் சத்தத்தக் கூட்டி வச்சவுக எல்லாருக்கும் கேக்கட்டும். அய்யோ, இத நெனைக்கிறப்ப மட்டும் காதுல மணி நிக்குது. நெஞ்சு சீரா அடிக்குது. இம்புட்டு நாளுல நான் நிம்மதியா மூச்சு விடுறது இப்பத்தான்.

ஆனா நடுவுல அவ இருக்கா. வீசுனா அவளத் தாண்டித்தான் போகணும். "தர்ஷினி, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி உக்காரும்மா, ஆவி அடிக்கும்" என்றேன். "ஒயரு எட்டாதும்மா. சார்ஜ் இல்ல" என்றாள். "அப்ப எந்திரிச்சு அடுப்படியில உக்காரேன்டி." "கிளாஸ் நடக்குதும்மா, பேசாம இரேன்." இப்படி எதுத்துப் பேசுற பிள்ள இல்ல. சேரு கிரீச்சுங்குது. "என்னடி, இன்னுமா ஆவி? கேஸு என்ன ஓசியிலயா வருது?" "இந்தா முடிச்சுட்டேங்க." லொக்கு லொக்கு. லொக்கு. "ஏ தர்ஷினி, மெசேஜு வந்துச்சா?" "இல்லப்பா." "வந்த ஒடனே சொல்லணும், என்ன?" "சரிப்பா." வாங்கிப் பாக்கமாட்டான், நான் தொட்ட போனுன்னு பயம், போதாக்குறைக்கு மெசேஜு இங்கிலீசுல வரும், எட்டாப்போட நின்னவன். சரி, இல்லன்னு வந்தா எந்திரிப்பேன், வீசுவேன். இருக்குன்னு வந்தா? இருக்குன்னு வந்தா நல்லதுதானே, பதினாலு நாளைக்கு அவன் தெசையிலயே வரமாட்டான். ஆனா ஆம்புலன்சு வருமே. இரு. ஆம்புலன்சு வரும், என்னைய ஏத்திக்கிட்டுப் போயிருவாக, பெரிய ஆஸ்பத்திரியிலயோ காலேஜு ஹாஸ்டல்லயோ கொண்டு போயிப் போட்டுருவாக, வீட்ல இருக்கவுக வெளிய வராம வாசல்ல தகரத்த அடிச்சுட்டுப் போயிருவாக. தகரத்துக்கு உள்ள யாரு? அவளும் அவனும். அட பாவி, இத எப்படிடி யோசிக்காம விட்ட. அவ மேல இன்னும் அவன் கை வைக்கல. இன்னும். டீ ஆறிப்போச்சுன்னா அங்க நிக்கப் போறது யாரு. இருக்குன்னு வரக் கூடாது. இல்லன்னும் வரக் கூடாது. மெசேஜே வரக் கூடாது, தண்ணியும் ஆறக் கூடாது, நான் இப்படியே போர்வைக்குள்ள, அவ இப்படியே நடுவுல, அவன் சேருல. குண்டான் விளிம்ப மரத்துப்போன வெரலால தொட்டுப் பாக்குறேன், சூடு தெரியல. அது வெரலுக்குத் தெரியாததா, இல்ல தண்ணி ஆறிருச்சான்னு வலது கைய வச்சுப் பாக்குறேன். பொறுக்கிற சூடுதான் இருக்கு. இதுல மூஞ்சி வேகாது. குளிக்கத்தான் ஆகும். எம்புட்டு நேரம் உக்காந்து நெனச்சு நெனச்சே ஆற விட்டுட்டேன், கிறுக்கச்சி.

டிங்குன்னு போனு. டீச்சரு பேசுறது பாதியில நின்னுச்சு, அமுக்கிட்டா போல. சேரும் கிரீச்சுங்கல. நொச்சித்தழ அடியில படியிறது தெரியிது, என் மூக்குலருந்து ஒரு சொட்டு தண்ணியில விழுறது தெரியிது. கரித்துணிய ரெண்டு கையிலயும் எடுத்துட்டேன். ஆறுனா என்ன, குண்டான் கனம் இருக்குல்ல, குண்டானோடவே எறிஞ்சா போச்சு, நெத்திப்பொட்டுல பட்டாப் போதும். "என்னடி போட்டுருக்கு, படி." பிளக்குலருந்து ஒயரப் புடுங்குற சத்தம். "படின்றேன்ல, ஊமையா நீயி." தர்ஷினி எழுத்துக் கூட்டிப் படிக்கிறா. "நாக... ஜோதி... வயசு முப்பத்தி நாலு..." மறுபடியும் மொதல்லருந்து எழுத்துக் கூட்டுறா. "பாசிட்டிவ்னு போட்டுருக்குப்பா." சேரு தடால்னு விழுந்துச்சு. என் கையிலருந்து கரித்துணி தண்ணிக்குள்ள விழுந்துருச்சு. பாசிட்டிவ்வா. அப்ப இருமல்தான் பொய்யி, நோவு நெசமா? தல முடி கொட்டுனது, வெரல் மரத்தது எல்லாம் இதுதானா, அவன் இல்லையா, கொரோனாவா? எம் பிள்ளைக்கும் குடுத்துட்டேனா, பக்கத்துலயே படுக்கப் போட்டேனே. வெளிய அவன் கத்துறான், "அன்னைக்கே நெனச்சேன், சனியன், வீட்டுக்குள்ள கொண்டாந்து விட்டுருச்சு", பீரோ தொறக்குது, பாயச் சுருட்டுற சத்தம், தலகாணி. "நான் மொட்டமாடிக்குப் போறேன். சோத்த வாசல்ல வச்சுட்டு எட்டிப் போயிரணும். ஏ தர்ஷினி, எந்திரி, நீயும் மேல வா எங்கூட. இங்க இருந்தா உனக்கும் ஒட்டிக்கிரும், எனக்கு அங்க டீக்கீ போட்டுக் குடுக்க ஆளு வேணும். எந்திரிடி." நான் குண்டானப் புடிச்சுட்டேன், வெறுங்கையில. ஆறுன தண்ணியா இருந்தாலும் சரி.

அப்ப போர்வையோட ஓரம் லேசாத் தூக்குச்சு. தரையோட தரையாப் போனு உள்ள நகந்து வந்துச்சு, ஒயரு இல்லாம. எனக்கு இங்கிலீசு பெருசாத் தெரியாது, ஆனா சேலையில ஒட்டுற சீட்டுல பேரு, வெல, கம்பெனி எல்லாம் எழுத்துக் கூட்டிப் படிச்சுருவேன். நாகஜோதி. முப்பத்தி நாலு. அதுக்குக் கீழ தடிச்ச எழுத்துல ஒரு வார்த்த. மொதலெழுத்தே வேற. நெகட்டிவ். திரும்ப ஒரு தடவ கூட்டிப் பாக்குறேன், நெகட்டிவ்தான். சார்ஜ் இல்லன்னு சொன்னாளே, மேல மூலையில நூறுன்னு காட்டுது. வெளிய அவன், "எந்திரிக்கிறியா இல்ல வந்து தூக்கணுமா" என்கிறான், காலடி ஒண்ணு, ரெண்டு, இந்தப் பக்கமாத்தான் வருது. அப்ப தர்ஷினி தொண்டையச் செருமுனா. லொக்கு லொக்கு. கொஞ்சம் விட்டு இன்னொரு லொக்கு. காலடி நின்னுச்சு. பின்னாடி போச்சு. கதவு படார்னு சாத்துன சத்தத்துல குண்டான் தண்ணி ஆடுச்சு, படிக்கட்டுல அவன் செருப்பு மேல மேல ஏறி ஓடுது.

போர்வைய நானே தூக்குனேன். அவ உள்ள வந்து எம் பக்கத்துல முட்டிய மடிச்சு உக்காந்துக்கிட்டா. ஆவியே இல்லாத குண்டானப் பாத்துக்கிட்டு இருந்தா. அவ தலைய வருடுனேன், இந்த வலது கையாலதான். நேத்து இழுத்த எடத்துல தொட்டதும் அவ கண்ண இறுக்க மூடுனா, அப்புறம் மெதுவாத் தொறந்தா. "பாசிட்டிவ்னா எத்தன நாளும்மா?" "பதினாலு." "அதுக்கப்புறம் கீழ வந்துருவாரா?" முகாம்லருந்து யாராச்சும் கூப்புட்டா என்ன சொல்றது, ஆம்புலன்சு ஏன் வரலன்னு அவன் கேட்டா என்ன சொல்றது, சோறு வைக்கப் போறப்ப அவன் எட்டிப் பாத்தா என்ன பண்றது, அதெல்லாம் தலைக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கு. "ஆமா, வந்துருவாரு" என்றேன். அவ வெரல குண்டானுக்குள்ள விட்டுப் பாத்தா. "தண்ணி ஆறிருச்சும்மா" என்றாள். நான் எந்திரிச்சு அதத் தூக்கிட்டுப் போயி மறுபடியும் அடுப்புல வச்சேன்.